மூன்றாம் இடத்தில் ஆறே சீட்டோடு 3 ஹார்ட்: தந்திரமா, அவசரமா?

மூன்றாங்கை:
பிரிட்ஜ் சீட்டாட்டம், இம்ப் கணக்கில் (ஒரே கையை இரு மேசையில் ஆடி, வித்தியாசத்துக்குப் புள்ளி போடுவது) ஒரு டீம் மேட்ச். பார்ட்னர் பாஸ், வலப்பக்கம் பாஸ், அடுத்து நான். நாங்கள் வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடும் நிலை) இல்லை, அவர்கள் வல்னரபிள். என் கை: ஸ்பேட் கிடையாது. ஹார்ட் கிங், குயின், ஜாக், 10, 8, 5. டைமண்ட் 7, 6, 2. கிளப் 9, 5, 3, 2. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற கணக்கில் மொத்தம் 6 புள்ளி.

வழக்கமாக 2 ஹார்ட் (ஹார்ட் துருப்பாக எட்டு டிரிக், அதாவது எட்டுப் பிடி எடுப்பேன்) என்று ஏலத்தைத் திறக்க வேண்டிய கை. மூன்றாம் லெவலுக்கு ஏழு சீட்டு வேண்டும் என்பார்கள். நான் 3 ஹார்ட் போட்டேன். இடப்பக்கம் டபுள் (தன் பார்ட்னரை ஏலம் கேட்கச் சொல்வது; அப்படியே விட்டால் அபராதம் கூடும்), பார்ட்னர் பாஸ், வலப்பக்கம் 4 ஸ்பேட். அது தேறிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் பார்ட்னர் முறைத்தார். என்னைக் கேட்டால் அதே கைக்கு நாளைக்கும் 3 ஹார்ட்தான்.

கணக்குப்பிள்ளை:
முறைத்ததில் என்ன தப்பு? டிரிக்கை எண்ணிப் பாருங்கள். ஹார்ட்டில் ஏஸ் போக ஐந்து டிரிக், வேறு எதுவும் இல்லை. ஒன்பது எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கையில் ஐந்தை வைத்திருக்கிறீர்கள். பழைய பிரிட்ஜ் ஆசான் கல்பர்ட்சன் காலத்து 2, 3 விதி என்ன சொல்கிறது? வல்னரபிளாக இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் மூன்று டௌனுக்கு (சொன்னதில் குறையும் டிரிக்குக்கு) மேல் ஆபத்தை இழுக்காதே. டபுளோடு இரண்டுமே 500தான். உங்களுக்கு நான்கு டௌன், அதாவது 800. அவர்களுடைய 4 ஸ்பேட் தேறினால்கூட 620தான் வரும். ஆட்டத்தைத் தடுக்க அதன் விலையைவிட அதிகமாகக் கொடுப்பது என்ன தந்திரம்?

மூன்றாங்கை:
பார்ட்னர் கையில் ஒரு டிரிக்கூட இருக்காது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறீர்கள். அன்றைக்கு அவரிடம் கிளப் ஏஸ் இருந்தது, டைமண்ட் குயினும் ஜாக்கும் இருந்தன. டபுளில் விட்டிருந்தால் இரண்டு டௌன், 300.

இடத்தையும் பாருங்கள். முதல் இடத்தில் திறந்தால் எனக்குப் பின்னால் எதிராளி இருவர், பார்ட்னர் ஒருவர். இரண்டாம் இடத்தில் ஒரு எதிராளி பாஸ் சொல்லிவிட்டார். பலமான கை பார்ட்னரிடம் இருக்க சரிபாதி வாய்ப்பு, அங்கே நானும் ஒழுங்காகத்தான் ஏலம் கேட்பேன். மூன்றாம் இடம் வேறு. பாஸ் சொன்ன இருவருக்கும் ஆளுக்கு 11 புள்ளி என்று தாராளமாகவே கொடுங்கள். என் 6 சேர்த்தால் 28. நாற்பதில் மிச்சம் 12 கட்டாயம் நான்காமவரிடம், பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். அவருடைய ஏல இடத்தைத்தான் பறிக்க வேண்டும். அவர் 1 ஸ்பேட், 2 கிளப் என்று நிதானமாகப் பேச நான் ஏன் விட வேண்டும்?

ஜாக்தேடி:
800ஐ விடுங்கள், இந்தக் கையில் எனக்கு உறுத்துவது வேறு. துருப்பு எப்படிக் கிடந்தது?

மூன்றாங்கை:
டம்மியில் (மேசையில் விரித்த கை, என் இடப்பக்கம்) ஏஸ், குயின், 10, 7. டிக்ளேரரிடம் (ஏலம் எடுத்து ஆடியவர், என் வலப்பக்கம்) கிங், 9, 8, 6, 3. பார்ட்னரிடம் ஜாக், 5, 4, 2.

ஜாக்தேடி:
அதுதான். டிக்ளேரர் முதலில் கிங்கை இறக்கியிருந்தால் உங்கள் பார்ட்னரின் ஜாக் தப்பித்திருக்கும். டம்மியின் ஏஸ், குயினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறதே. முதலில் டம்மியின் ஏஸை ஆடினால் நீங்கள் ஸ்பேட் போட முடியாமல் விழிப்பீர்கள், விஷயம் வெளியே வந்துவிடும். அடுத்து டம்மியிலிருந்து 10. பார்ட்னர் ஜாக் போட்டால் கிங் பிடிக்கும், போடாவிட்டால் 10 ஓடிவிடும். ஜாக் செத்தது.

ஏலத்தில் நீங்கள் வாயே திறக்காமல் இருந்தால், கிங்கா ஏஸா என்பது டிக்ளேரருக்கு வெறும் ஊகம். 3 ஹார்ட் என்றதும் ஒருவர் கையில் ஹார்ட் நிறைய, ஆகவே ஸ்பேட் குறைவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏஸை முதலில் ஆட வழிகாட்டியது நீங்கள்தான். ப்ரீஎம்ப்ட் (எதிராளியின் ஏல இடத்தைப் பறிக்க உயரத்தில் திறப்பது) பற்றிப் பேசுகிறவர்கள் ஏலத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். சீட்டு ஆடும்போது வரும் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை.

மூன்றாங்கை:
நல்ல குறிப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2 ஹார்ட் போட்டிருந்தாலும் இதே துப்பு கிடைத்திருக்குமே? இந்தச் செலவு எல்லா ப்ரீஎம்ப்டுக்கும் உண்டு, என் ஆறு சீட்டுக்கு மட்டுமில்லை. அப்புறம், நான்காமவருக்கு எப்போதும் இவ்வளவு அழகான டபுள் கை வராது. 15 புள்ளியோடு ஹார்ட்டில் மூன்று சீட்டு வைத்துக்கொண்டு திணறும் நாட்களும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
திணறுவார், சரி. உங்கள் பார்ட்னர்? பாஸ் சொன்னவர் தப்பு செய்ய மாட்டார் என்று நினைக்கிறீர்கள். ஹார்ட்டில் மூன்று சீட்டு இருந்தால் உங்களிடம் ஏழு என்று நம்பி, மொத்தம் பத்து துருப்பு எனக் கணக்குப் போட்டு 4 ஸ்பேட்டுக்கு மேல் 5 ஹார்ட் போவார். வெர்ன் 1969இல் எழுதிய மொத்த டிரிக் விதியை (இரு பக்கத் துருப்பின் கூட்டல்தான் இரு பக்க டிரிக்கின் கூட்டல் என்பது) எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்களே. ஒரு சீட்டு குறைந்தால் விதி சொல்லும் டிரிக்கும் ஒன்று குறையும், 500 என்று போட்ட கணக்கு 800 ஆகும். 1987க்கு முன்பு நான்காவது டௌனுக்கும் 200தான், மொத்தம் 700. அதை 300 ஆக்கியதே இந்த மாதிரி விளையாட்டுக்குக் கடிவாளம் போட்ட மாதிரிதான்.

மேசைமுனை:
ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்றாம் இடத்தில் இப்படி ஆறு சீட்டோடு திறப்பது உங்கள் ஜோடிக்கு வழக்கமா? வழக்கமென்றால் ஏல முறையைக் குறிக்கும் உங்கள் அட்டையில் எழுதியிருக்க வேண்டும், எதிராளி கேட்டால் பார்ட்னர் அப்படியே சொல்லவும் வேண்டும். பிரிட்ஜ் சட்டத்தின் 40ஆம் விதி அதைத்தான் கேட்கிறது. பார்ட்னருக்குத் தெரியும், எதிராளிக்குத் தெரியாது என்றால் அதற்குத் தந்திரம் என்று பெயரில்லை.

மூன்றாங்கை:
இதுவரை எழுதவில்லை, பேசியதுமில்லை. அதனால்தான் பார்ட்னருக்கே அதிர்ச்சி. இனி "மூன்றாம் இடம், சாதகமான வல்னரபிலிட்டி: ஆறு சீட்டு இருக்கலாம்" என்று எழுதிவிடுகிறேன். அப்போது பார்ட்னரும் 5 ஹார்ட் போக மாட்டார். கணக்குப்பிள்ளையின் பாதிப் புகார் அதிலேயே தீர்ந்தது.

கணக்குப்பிள்ளை:
மீதிப் பாதி 800. அதே கை, இரு பக்கமும் வல்னரபிள். அப்போதும் 3 ஹார்ட்டா?

மூன்றாங்கை:
இல்லை. 2 ஹார்ட்.

ஜாக்தேடி:
அப்போதும் டிக்ளேரர் ஏஸைத்தான் முதலில் ஆடுவார்.