கையெழுத்துப் போட்ட புத்தகங்கள விக்கணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல

கரிசக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். பேங்க்ல இருந்து ரிடையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. கோவில்பட்டி வீட்டக் காலி பண்ணிட்டு சென்னைல மக வீட்டுப் பக்கத்துலயே சின்னதா ஒரு ஃப்ளாட்டுக்குப் போறோம். அங்க ரெண்டு பீரோ வைக்கவே இடம் இல்ல, எங்கிட்ட ஆயிரத்துச் சொச்சம் புத்தகம் கெடக்கு. அதுல எழுத்தாளர் கையெழுத்து உள்ளது மட்டும் 140. எனக்கு அப்பல்லாம் ஒரு கிறுக்கு, எந்த ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆனாலும் மொத ஞாயித்துக்கிழம அந்த ஊர்ல எந்த எழுத்தாளர் இருக்காருன்னு விசாரிச்சுக்கிட்டு புத்தகத்தோட வாசல்ல போயி நின்னுருவேன். நாகர்கோவில்ல சுந்தர ராமசாமி, பாண்டிச்சேரில கி.ரா. (கி. ராஜநாராயணன்), சென்னைல அசோகமித்திரன், இப்படி.

ஒரு பழைய புத்தக வியாபாரிகிட்ட காட்டுனேன். 140க்கும் மொத்தமா 15,000 தாரேன், வண்டியும் நானே கொண்டாரேன்னாரு. அதோட விட்டா பரவால்ல, பாதிக்கு மேல எம் பேரு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கில்ல, அந்தப் பேர மட்டும் ஒயிட்னர் வச்சு அழிச்சிருங்க அப்பதான் போகும்னாரு. ராத்திரி பூரா தூக்கம் வரல. இது நெசமா? என்ன விலை சொல்லலாம்? எழுத்தாளர்கள் எனக்குப் போட்ட கார்டு, இன்லண்டு லெட்டர் ஒரு முப்பது இருக்கு, அதையும் விக்கலாமா?

பழையபேப்பர்:
அண்ணாச்சி, மொதல்ல அந்த ஒயிட்னர தூக்கி வெளிய போடுங்க. பேர அழிச்ச புத்தகம்னா விவரம் தெரிஞ்சவன் கையால தொடமாட்டான், எங்கயோ லைப்ரரில திருடுனதுன்னுதான் நினைப்பான். பேரு இருக்கிறதுதான் அது யார்கிட்ட இருந்து வந்துச்சுங்கறதுக்கு சாட்சி. ஒரு எழுத்தாளர் இன்னொரு எழுத்தாளருக்கு எழுதிக் கொடுத்த பிரதின்னா அதுக்கு மவுசே தனி, உங்க பேரு அந்த அளவுக்கு விலைய ஏத்தாதுதான், ஆனா கெடுக்கவும் கெடுக்காது.

நான் இருபது வருஷமா வாங்கி வித்துக்கிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் கறாரா சொல்றேன், கோச்சுக்காதீங்க. 140ம் ஒரே சரக்கு இல்ல. இப்ப உயிரோட இருக்கறவங்க, ஜனவரி புக் ஃபேர்ல ஸ்டால்ல உக்காந்து கையெழுத்துப் போடறவங்க, அதுக்கெல்லாம் பெருசா எக்ஸ்ட்ரா கிடைக்காது, இப்ப ப்ரீ ஆர்டர் பண்ணாலே கையெழுத்தோட கொரியர்ல வந்துடுது. மறைஞ்சவங்களோடது, அதுலயும் முதல் பதிப்பு, அதுலயும் அட்டை கிழியாம இருந்தா அங்கதான் காசு. அட்டையப் பாத்து முதல் பதிப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி பொடி எழுத்துல பதிப்பு விவரம் இருக்கும், அத ஒவ்வொண்ணுக்கும் ஃபோட்டோ எடுங்க. ரெண்டாம் பதிப்புல கையெழுத்து இருந்தா அது ரெண்டாம் பதிப்புதான், விலையும் அப்படித்தான்.

அப்புறம் நீங்க நேர்ல வாங்காம பிளாட்பாரத்துல வாங்குனது ஏதாவது இருந்தா பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. சில புத்தகத்துல ஆசிரியர் கையெழுத்தையே பிளாக் எடுத்து முன்பக்கத்துல அச்சடிச்சிருப்பாங்க. பால் பாயின்ட்னா தாளுக்குப் பின்பக்கம் விரலால தடவுனா மேடு தட்டும், இங்க் பேனான்னா கோட்டோரத்துல மை கசிஞ்சிருக்கும். ரெண்டும் இல்லாம எழுத்து பூரா ஒரே சீரான கறுப்பா இருந்தா சந்தேகப்படுங்க.

மீனாட்சி_மதுரை:
எதுக்கு சார் விக்கணும்? லைப்ரரிக்குக் கொடுத்துடுங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா சேத்து வச்சத அவர் 1992ல போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல சென்னைலயே ஆராய்ச்சி நூலகம் ஆக்கிட்டாங்க. எத்தனை பேர் அத வச்சு பிஎச்டி முடிச்சிருக்காங்க. மனுஷன் போனாலும் புத்தகம் சிதறல இல்லையா.

பழையபேப்பர்:
அக்கா, அதுவும் சும்மா கொடுத்தது இல்லையே, விலைக்குப் போனதுதானே, நீங்களே சொல்லிட்டீங்க 🙂 கொடுக்கறதுன்னா நல்லதுதான், ஆனா எங்க கொடுக்கறோம்னு பாக்கணும். எங்க மாமா ஒருத்தர் பக்கத்து ஊர்ல ஒரு நூலகத்துக்கு நாலு பெட்டி கொடுத்தாரு. ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தா பெட்டி பிரிக்கவே இல்ல, மாடிப்படிக்கடியில ராமபாணப் பூச்சி அரிச்சு தூளா கொட்டுது. பிரிச்சிருந்தாலும் கையெழுத்து மேலயே ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பாங்க, அது வேற கதை. கொடுக்கறதுக்கு முன்னாடி லிஸ்ட் அனுப்பி, எது எது அவங்ககிட்ட இல்லையோ அதை மட்டும் கேக்கச் சொல்லுங்க.

எக்மோர்வக்கீல்:
கடிதம் பத்தி யாரும் சொல்லலயே. சார், கார்டு உங்களுடையது, தாராளமா விக்கலாம். ஆனா அதுல எழுதியிருக்கற வாசகத்தோட காப்பிரைட் எழுதுனவருக்கு, அவர் காலத்துக்கு அப்புறம் வாரிசுகளுக்கு. அதனால வாங்கறவர் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம், வாரிசு சம்மதம் இல்லாம புத்தகமா போட முடியாது, இத விக்கும்போதே எழுதிக் கொடுத்துடுங்க. விளம்பரத்துக்கு முழு லெட்டரையும் ஃபோட்டோ எடுத்துப் போடாதீங்க, தேதியும் கையெழுத்தும் தெரிஞ்சா போதும். எழுத்தாளர் யாரையாவது திட்டியிருப்பார், கைமாத்து கேட்டிருப்பார், வீட்டு விஷயம் இருக்கும், அதெல்லாம் வெளிய வந்தா குடும்பத்துக்குத்தான் சங்கடம். அந்த மாதிரி லெட்டரை விக்காமலே வச்சுக்கலாம்ங்கறது என் அபிப்பிராயம்.

இன்னொன்னு, இது உங்களுக்கு இல்ல, படிக்கற மத்தவங்களுக்கு. தாத்தா காலத்து கையெழுத்துப் பிரதி, கடிதம்னு 75 வருஷம் தாண்டின மதிப்புள்ள ஆவணம் இருந்தா 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரலாம், வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தர்றாருன்னு பார்சல் கட்டிடாதீங்க.

லஸ்கார்னர்:
நான் வாங்கற ஆளு, அதனால வாங்கறவன் பக்கத்துல இருந்து சொல்றேன். மொத்தமா கொடுக்காதீங்க, 15,000க்கு எடுக்கறவர் அதுல நல்லதா ஒரு பத்து புத்தகத்துலயே போட்டதை எடுத்துடுவார், மிச்சம் 130 அவருக்கு ஓசி. பத்து பத்தா போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் அட்டை, பதிப்புப் பக்கம், கையெழுத்து, முதுகு நாலு ஃபோட்டோ. லெண்டிங் லைப்ரரி முத்திரை, செலோ டேப் கறை, அந்துருண்டை வாசம் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, கொஞ்சம் குறைச்சுக் கேப்போம் அவ்வளவுதான், மறைச்சா திரும்பி வந்துடும். எந்த வருஷம் எங்க வச்சு வாங்குனீங்கன்னு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள வைங்க, அந்தச் சீட்டுக்கே நான் நூறு ரூபா கூடக் கொடுப்பேன். ரெஜிஸ்டர் போஸ்ட்ட 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க, பிளாஸ்டிக் கவர் போட்டு ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வச்சு. முனை மடங்கி வந்தா மனசு விட்டுப் போகும்.

ஆமா, வாரப் பத்திரிகைத் தொடர்கதைய வீட்ல கிழிச்சு பைண்ட் பண்ணி வச்சது ஏதும் இருக்கா? 1950ல இருந்து 54 வரைக்கும் கல்கில வந்த பொன்னியின் செல்வன் மணியம் ஓவியத்தோட இருந்தா யாருக்கும் சொல்லாம எனக்கு மெசேஜ் பண்ணுங்க 😄

கரிசக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து நானும் வீட்டம்மாவும் தரையில உக்காந்து பிரிச்சோம். அவ பதிப்புப் பக்கம் வாசிக்க நான் நோட்டுல எழுத. முதல் பதிப்பு 31 தேறிச்சு. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல பேரம் பேசாம வாங்கி முப்பது வருஷமா வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையா காட்டுன ஒண்ணு அச்சடிச்ச கையெழுத்தாம். பூதக்கண்ணாடில பாத்ததும் பொட்டு பொட்டா தெரியுது. வீட்டம்மா சிரிச்சு அடங்கல.

பைண்டிங் எதுவும் இல்ல தம்பி, எங்க அம்மாட்ட இருந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க படிக்க வாங்கிட்டுப் போயி அதோட சரி. லெட்டர்ல நாலு மட்டும் தனியா எடுத்து வச்சிட்டேன், அது விக்கறதுக்கு இல்ல. கி.ரா.வோடதையும் எடுத்து வச்சேன், அப்புறம் சு.ரா.வோடதும். இப்படியே போனா வித்த மாதிரிதான்னு அவ சொல்றா. மொத பத்துக்கு இன்னைக்கு சாயங்காலம் ஃபோட்டோ எடுக்கேன், வெயில் வெளிச்சத்துல எடுக்கலாமா இல்ல ட்யூப் லைட்டு போதுமா?