இரவு ஷிப்டுக்கு எஸ்எம்50-இல் ‘கில்’ உரிமை: கொடுக்கலாமா, கூடாதா?

இரவுக்காவல்:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சேவை நிறுவனத்தில் எஸ்ஏபி (நிறுவன மென்பொருள்) பேசிஸ், அதாவது சிஸ்டம் நிர்வாகம், இரவு ஷிப்ட் பார்க்கிறேன். வாடிக்கையாளர் ஓர் உற்பத்தி நிறுவனம், எஸ்ஏபி-யில் ஈசிசி 6.0 பதிப்பு. ஓடும் பிராசஸ்களைக் காட்டும் எஸ்எம்50, எஸ்எம்66 திரைகள் இரண்டையும் எங்கள் ஷிப்டுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. ஓடும் பிராசஸை நிறுத்த (‘கில்’ செய்ய) வேண்டுமென்றால் பகல் ஷிப்ட் சீனியரை எழுப்ப வேண்டும். அவர் வாடிக்கையாளர் பக்க மேலாளரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும்.

போன மாத முடிவில் ஒரு பயனர் எம்பி51 என்ற சரக்கு ஆவணப் பட்டியலைத் தேதி வரம்பே போடாமல் டயலாக்கில் (நேரடியாகத் திரையில்) ஓட்டினார். திரை நின்றுவிட்டது என்று நினைத்து, வேறு செஷன் திறந்து மறுபடியும் ஓட்டினார். பக்கத்து மேசைக்காரரும் அதையே செய்தார். மூன்று டயலாக் பிராசஸ்கள் பிரைவ் நிலைக்குப் போய்விட்டன. அந்த நிலைக்குப் போன பிராசஸ் அந்த ஒரு பயனருக்கே சொந்தம், வேறு யாருடைய வேலையையும் எடுக்காது. இருந்ததே சின்ன அப்ளிகேஷன் சர்வர். மிச்சப் பிராசஸ்களும் நிரம்பி, வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பேச்சரின் வரிசை நீண்டு, கிடங்கில் சரக்கு வெளியேற்றப் பதிவு போடவே முடியவில்லை. லாரிகள் வாசலில் நின்றன. சீனியர் போனை எடுக்கவில்லை. எந்தப் பிராசஸ், எந்தப் பயனர், எந்த ரிப்போர்ட் என்று எல்லாம் என் திரையில் தெரிந்தது. கை வைக்கத்தான் உரிமை இல்லை.

எங்களுக்கு அந்த உரிமையைக் கொடுப்பதில் என்ன தவறு?

பழையபேசிஸ்:

தம்பி, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் பதில்.

நீங்கள் கேட்பது எஸ்_ஏடிஎம்ஐ_எஃப்சிடி என்ற அனுமதி ஆப்ஜெக்டில் பிஏடிஎம் மதிப்பு, அதாவது பிராசஸ்களை நிர்வகிக்கும் உரிமை. அதற்குள் ‘டயலாக் மட்டும்’, ‘இந்த கிளையன்ட் மட்டும்’ என்று எல்லை போட வழி கிடையாது. கொடுத்தால் டயலாக், பேக்ரவுண்ட் (பின்னணி ஜாப்), அப்டேட் (டேட்டாபேஸில் பதிவது), ஸ்பூல் (அச்சு வெளியீடு) என அந்த சிஸ்டத்தில் ஓடும் எல்லாவற்றின் மீதும் கை வைக்கலாம். எம்பி51-ஐ நிறுத்துவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அதே ஆள் அதே இரவில் அப்டேட் பிராசஸை நிறுத்தினால், பயனர் ‘ஆவணம் சேமிக்கப்பட்டது’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், ஆவணம் அப்டேட் பட்டியலான எஸ்எம்13-இல் பிழையோடு கிடக்கும். காலையில் அதை யார் தேடுவது?

அடுத்தது ரோல்பேக். கமிட் போடாமல் (மாற்றங்களை உறுதி செய்யாமல்) பல மணி நேரம் டிலீட் ஓட்டிய ஒரு ஜாபை ஒருவர் நிறுத்தினார். டேட்டாபேஸ் அத்தனையையும் பழையபடி திருப்பி எழுத ஆரம்பித்தது. ஓடிய நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் ஆனது. பொறுமை இழந்து டேட்டாபேஸையே ரீஸ்டார்ட் செய்தார்கள். எழுந்து வந்த பிறகும் ரோல்பேக் தொடர்ந்தது. இரவில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு, வாடிக்கையாளர் கத்தும்போது, இதையெல்லாம் யோசிக்க நிதானம் இருக்குமா?

அபாப்தறி:

பழையபேசிஸ் சார், நிதானம் இருக்காது என்று சொல்லி உரிமையைப் பிடுங்குவதை நான் ஏற்கவில்லை. நிதானமாகப் பார்க்க வேண்டியவை எல்லாம் திரையிலேயே இருக்கின்றன, அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்போம்.

எஸ்எம்50-இல் அந்த வரியை டபுள் கிளிக் செய்தால் விவரத் திரை வரும். டேட்டாபேஸ் பகுதியில் டைரக்ட் ரீட், சீக்வென்ஷியல் ரீட், இன்சர்ட், அப்டேட், டிலீட் என்று தனித்தனி எண்ணிக்கை உண்டு. முகப்புத் திரையில் ‘சீக்வென்ஷியல் ரீட்’ என்று தெரிவதை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். இந்த நொடியில் படிக்கும் புரோகிராம் பத்து நிமிடம் முன்னால் லட்சம் வரி எழுதியிருக்கலாம். ஆனால் இன்சர்ட், அப்டேட், டிலீட் மூன்றும் பூஜ்ஜியமாக இருந்து, ரீட் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் அது படிக்கிற ரிப்போர்ட். நிறுத்தினால் ரோல்பேக் செய்ய எதுவும் இல்லை. எம்பி51 அப்படிப்பட்டதுதான்.

இன்னொன்று. எல்லா டயலாக் பிராசஸும் நிரம்பிவிட்டால் எஸ்எம்50-ஐத் திறக்கவே ஒரு டயலாக் பிராசஸ் கிடைக்காது. பிறகு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் நுழைந்து டிபிமான் என்ற கருவியை ஓட்ட வேண்டும். அங்கே எல்லோரும் ஒரே அட்மின் யூசரில் நுழைகிறார்கள், யார் நிறுத்தினார் என்று பெயர் சொல்ல முடியாது. இரண்டு பிராசஸ் காலியாக இருக்கும்போதே ஷிப்ட்காரர் ஒன்றை நிறுத்தியிருந்தால் அந்த நிலைமைக்கே போயிருக்காது. சீனியர் எழுந்து வரும் வரை காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

கணக்குமேசை:

நான் பேசிஸ் இல்லை, எஃப்ஐ (நிதிக் கணக்கு). மாத முடிவில் அடி வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஏஎஃப்ஏபி தேய்மான ஓட்டம் தெரியும்தானே? நிஜப் பதிவு பேக்ரவுண்டில்தான் ஓடும், சொத்துகள் அதிகமென்றால் நேரம் எடுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தொங்கி நிற்பது போலவே தெரியும். நடுவில் நிறுத்தினால் பாதிச் சொத்துக்குப் பதிவு விழுந்திருக்கும், மீதிக்கு விழுந்திருக்காது. சாதாரணமாக மறுபடி ஓட்ட முடியாது, ரீஸ்டார்ட் முறையில்தான் ஓட்ட வேண்டும். அது ஒழுங்காக முடியாமல் அடுத்த மாதத்துக்குப் போக விடாது. எஃப்110 பேமென்ட் ரன் நடுவில் நின்றால் அந்த வெண்டார் கணக்குகள் வேறு ரன்னில் சேராமல் பூட்டிக்கொண்டு நிற்கும். சம்பந்தப்பட்டவருக்குப் பணம் போகாது.

இந்த ஓட்டங்களைப் பற்றி இரவு ஷிப்டில் இருப்பவருக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்? அவருக்கு ரிப்போர்ட் பெயர் தெரியும், அதன் பின்னால் இருக்கும் வேலை தெரியாது. என்னைக் கேட்காமல் கணக்குப் பதிவு ஓட்டத்தை யாரும் நிறுத்தக் கூடாது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் கூப்பிடுங்கள், எடுப்பேன்.

இரவுக்காவல்:

மேடம், நான் ஏஎஃப்ஏபி-யை நிறுத்தக் கேட்கவில்லை. பேக்ரவுண்ட் ஜாபையே நான் கேட்கவில்லை. எஸ்எம்37-இல் ஜாப் லாக் (ஓட்டப் பதிவு) வளர்கிறதா, போன மாதம் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்துச் சொல்வதோடு என் வேலை முடிந்தது. டயலாக்கில் மாட்டிக்கொண்ட படிக்கும் ரிப்போர்ட்டுகள் மட்டுமே என் கேள்வி.

தணிக்கைக்கண்:

ஐடி தணிக்கை செய்கிறேன். யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். டயலாக் ஸ்டெப்புக்கு ஆர்டிஸ்ப்/மேக்ஸ்_டபிள்யூபிரன்_டைம் என்று ஓர் உச்ச வரம்பு பாராமீட்டர் இருக்கிறது. இயல்பு மதிப்பு 600 வினாடி. பேக்ரவுண்டுக்கு அது பொருந்தாது, டயலாக்குக்குப் பொருந்தும். வரம்பைத் தாண்டினால் சிஸ்டமே நிறுத்தி எஸ்டி22-இல் டைம்-அவுட் டம்ப் (பிழைப் பதிவு) எழுதிவிடும். டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும்போது கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். உங்கள் எம்பி51 ஏன் தானாக நிற்கவில்லை? ஆர்இஸட்11-இல் என்ன மதிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

இரவுக்காவல்:

பார்த்தேன் சார். 7200.

பழையபேசிஸ்:

அதைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டு மணி நேரம்! உங்கள் பிரச்சினை கில் உரிமை இல்லை தம்பி, இந்த 7200. ஆர்இஸட்11-இல் மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த ரீஸ்டார்டில் பழைய மதிப்புக்குப் போயிருக்கும். இத்தனை நாள் நிற்கிறது என்றால் புரொஃபைலில் (சர்வர் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில்) எழுதியிருக்கிறார்கள். ஆர்இஸட்10-இல் புரொஃபைல் பதிப்புகளைத் திறந்து பாருங்கள், யார், என்று மாற்றினார்கள் என்பது தெரியும். யாராவது சர்வரில் நுழைந்து புரொஃபைல் கோப்பை விஐ எடிட்டரில் நேரடியாகத் திருத்தியிருந்தால் அதுவும் தெரியாது. அப்படியானால் சிஸ்டத்தில் ஓடும் மதிப்புக்கும் ஆர்இஸட்10 வைத்திருக்கும் பதிப்புக்கும் பொருத்தம் இருக்காது, செயலில் உள்ள புரொஃபைலை மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டும்.

இதை 600-க்குக் கொண்டுவாருங்கள், உங்கள் கேள்வியில் பாதி தானாகவே தீரும். இந்தப் பாராமீட்டரை ரீஸ்டார்ட் இல்லாமலே மாற்றலாம். ஆர்இஸட்11-இல் மாற்றினால் உடனே செயலுக்கு வரும், புரொஃபைலிலும் எழுதிவிடுங்கள்.

கணக்குமேசை:

நில்லுங்கள். 7200 எதற்காக வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் பக்கத்தில் மாத முடிவு ரிப்போர்ட்டுகள் பத்து நிமிடத்தில் முடியாது. பேக்ரவுண்டில் போடுங்கள் என்பீர்கள். போட்டால் ஸ்பூலில் வரிகள் அகலம் தாங்காமல் உடைந்து வருகின்றன, எக்செலுக்கு எடுத்தால் நெடுவரிசை இடம் மாறுகிறது. தணிக்கையாளர் மறுநாள் காலை பட்டியல் கேட்கிறார். அதனால்தான் டயலாக்கில் ஓட்டுகிறோம். வரம்பைக் குறைத்தால் பத்தாவது நிமிடம் வரை காத்திருந்துவிட்டு டம்ப் வாங்குவது நாங்கள்.

அபாப்தறி:

மேடம் சொல்வது நியாயம். இந்தக் குறையை நாங்கள் சரிசெய்ய வேண்டும், பாராமீட்டரால் மூடக் கூடாது. அந்த ரிப்போர்ட் எங்கள் இசட் புரோகிராம் (நாங்களே எழுதியது) என்றால், பேக்ரவுண்டில் ஓடி முடிவை நேராகச் சர்வரில் ஒரு கோப்பாகவே எழுதலாம், ஸ்பூல் அகலத் தொல்லையே இல்லை. எஸ்டி05 டிரேஸ் எடுத்து எந்த செலக்ட் நேரத்தைத் தின்கிறது என்று பார்த்தால் பல நேரம் ஓர் இண்டெக்ஸ் போதும். எம்பி51 மாதிரி ஸ்டாண்டர்ட் ரிப்போர்ட்டுக்குத் தேதியும் பிளான்ட்டும் இல்லாமல் ஓட்டாதபடி வேரியன்ட் (முன்பே அமைத்த தேர்வுத் திரை) போட்டுத் தரலாம். ஒரு ரிப்போர்ட்டுக்காக மொத்த சிஸ்டத்தின் வரம்பையும் 12 மடங்கு ஏற்றியதுதான் என்னால் ஏற்க முடியாதது. அந்தத் தளர்வு எல்லாப் பயனருக்கும், எல்லா ரிப்போர்ட்டுக்கும் போய்ச் சேருகிறது.

ஆனால் பழையபேசிஸ் சார், 600-க்குக் கொண்டுவந்தாலும் பத்து நிமிடம் லாரி நிற்கும். மூன்று பேர் சேர்ந்து ஓட்டினால் அந்தப் பத்து நிமிடத்தில் கிடங்கு முழுதும் நின்றுவிடும். இரவுக்காவலின் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது.

தணிக்கைக்கண்:

உரிமை விஷயத்தில் என் நிலை: இரவு ஷிப்டின் வழக்கமான யூசர் ஐடியில் பிஏடிஎம் சேர்ப்பதை நான் குறையாகவே எழுதுவேன். அவசரத்துக்குத் தனி ஃபயர்ஃபைட்டர் ஐடி வையுங்கள். எடுக்கும்போது காரணம் எழுத வேண்டும், எடுத்த பிறகு செய்ததை அடுத்த நாள் வேறொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எஸ்எம்50 நிறுத்தும் முன் உறுதியா என்றுதான் கேட்கும், ஏன் என்று கேட்காது. அந்த ‘ஏன்’ எங்காவது பதிவாக வேண்டும். அபாப்தறி சொன்ன விவரத் திரையை, இன்சர்ட், அப்டேட், டிலீட் பூஜ்ஜியமாகத் தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டில் ஒட்டினால் எனக்குப் போதும்.

நீங்கள் பார்ப்பது இந்திய நிறுவனத்தின் சிஸ்டம் என்றால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும், அதை அணைக்கக் கூடாது என்று நிறுவனக் கணக்கு விதிகளில் இருக்கிறது. இதே சிஸ்டத்தில், டேபிள் மாற்றங்களைப் பதிவு செய்ய வைக்கும் ரெக்/கிளையன்ட் பாராமீட்டரையும் பாருங்கள். ‘வேகம் குறைகிறது’ என்று அதை ஆஃப் செய்து வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். 7200 போட்ட கை அங்கும் போயிருக்கக் கூடும்.

பழையபேசிஸ்:

ஃபயர்ஃபைட்டர் ஐடிக்கு எனக்கு எதிர்ப்பில்லை, மூன்று நிபந்தனையோடு. டயலாக் வரி மட்டும். எழுதும் எண்ணிக்கை மூன்றும் பூஜ்ஜியம். நிறுத்திய பிறகு எஸ்எம்12-இல் மிஞ்சியிருக்கும் லாக்கை (பூட்டை) தொடவே கூடாது. இந்தக் கடைசி ஒன்றைத்தான் ஆட்கள் மீறுகிறார்கள். பிராசஸை நிறுத்திவிட்டு ‘சுத்தம் செய்கிறேன்’ என்று லாக்கையும் அழிக்கிறார்கள். அப்டேட்டுக்குக் காத்திருக்கும் ஆவணத்தின் லாக் அது என்றால், அதே ஆவணத்தை இன்னொருவர் திறந்து மாற்றிவிடுவார். அதன் பிறகு எது சரியான எண் என்று எஃப்ஐ-க்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

முதலில் பயனர் பட்டியலான எஸ்எம்04-இல் செஷனை முடிக்கப் பாருங்கள். டேட்டாபேஸில் மாட்டிய செஷனுக்குப் பல நேரம் அது பலிக்காது, ஆனாலும் அந்தப் படியைத் தாண்டிவிட்டு எஸ்எம்50-க்குப் போகாதீர்கள்.

கணக்குமேசை:

நான்காவது நிபந்தனை என்னுடையது. நிறுத்தும் முன் அந்தப் பயனருக்கு ஒரு போன். இசட் புரோகிராம்களில் படிக்கிற மாதிரி தெரிந்துவிட்டுக் கடைசியில் பதிவு போடுபவை எங்களிடம் இருக்கின்றன. எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருந்தாலும் அவற்றைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், மாத முடிவு இரவில் அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இருக்காது.

இரவுக்காவல்:

நான்கையும் எழுதி நாளை வாடிக்கையாளர் கூட்டத்தில் வைக்கிறேன். கணக்குமேசை மேடம், பயனர் போனை எடுக்காமல், கிடங்கு நின்று கொண்டிருந்தால்?

கணக்குமேசை:

அப்போது எஃப்ஐ ஆன்-காலைக் கூப்பிடுங்கள். அவரும் எடுக்காவிட்டால் நிறுத்தக் கூடாது என்பதே என் நிலை.

அபாப்தறி:

அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை மேடம். எம்பி51 போன்ற ஸ்டாண்டர்ட் பட்டியல் ரிப்போர்ட்டுகளைப் பெயர் சொல்லி ஒரு பட்டியலில் போடுவோம். அவற்றுக்குப் போன் வேண்டாம். இசட் புரோகிராம் எல்லாவற்றுக்கும் உங்கள் போன் கட்டாயம். எந்தெந்த இசட் கடைசியில் பதிவு போடுகிறது என்று நான் கோடில் தேடித் தருகிறேன், நீங்கள் சரிபாருங்கள்.

கணக்குமேசை:

பட்டியலைக் கொடுங்கள், பார்க்கிறேன். அதில் எஃப் என்று ஆரம்பிக்கும் எதுவும் இருக்கக் கூடாது.