மார்கழிக் குளிரில் ரோகு தீவனம் எடுக்கவில்லை, ஈரல் வெளுத்திருக்கிறது: உதவி தேவை

பண்ணைக்குட்டை (கிருஷ்ணகிரி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் 50 சென்ட் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து வளர்க்கிறோம். கார்த்திகைக் கடைசியில் குளிர் இறங்கியதிலிருந்து மீன்கள் தீவனத்துக்கு வருவது குறைந்துவிட்டது. தண்ணீரின் வெப்பநிலை விடியற்காலையில் 19 டிகிரியும் பிற்பகலில் 23 டிகிரியும் காட்டுகிறது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, கோடையில் கொடுத்த அதே அளவைக் காலை 7 மணிக்குச் சாக்குப் பையில் கட்டித் தொங்கவிடுகிறோம். நாள்தோறும் ஒன்றிரண்டு ரோகு இறந்து மிதக்கின்றன. சிலவற்றின் முதுகில் பஞ்சு போல வெண்மை படர்ந்திருக்கிறது. அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளுத்து மஞ்சளாகத் தெரிகிறது. தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்து போடும்படி கடையில் சொல்கிறார்கள். போடலாமா?

குளத்துமேடு:
வணக்கம் ஐயா. ஆன்டிபயாட்டிக் வேண்டாம். அந்தப் பஞ்சுப் படலம் பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்ற, பூஞ்சை போன்ற நீர்வாழ் உயிரிதான் (பேச்சில் பூஞ்சை என்றே சொல்வோம்). பாக்டீரியாவுக்கான மருந்து அதைத் தொடாது. தவிர, தீவனமே எடுக்காத மீனுக்குத் தீவனத்தில் கலந்த மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

மீனுக்குத் தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் திறன் இல்லை என்பதால், தண்ணீர் குளிரும்போது செரிமான நொதிகளும் நோய் எதிர்ப்பும் ஒன்றாகவே மந்தமாகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய இந்தியப் பெருங்கெண்டைகள் 25 முதல் 32 டிகிரி வரை நன்றாக வளரும். 20 டிகிரிக்குக் கீழே பசி வெகுவாகக் குறையும். நீங்கள் நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில் கோடை அளவைக் கொடுக்கிறீர்கள். மீன் தின்னாதது அடியில் அழுகி அம்மோனியாவாகிறது, அந்த அம்மோனியா செவுளையும் தோலின் வழவழப்பையும் கெடுக்கிறது, கெட்ட தோலில் பூஞ்சை ஏறுகிறது. ஆகவே முதலில் தீவனத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, பிற்பகல் 1 மணிக்கு மேல் கொடுங்கள். பையில் மிச்சமிருந்தால் மறுநாள் கொடுக்கவே வேண்டாம்.

ஈரலைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்: தவிடும் புண்ணாக்கும் எவ்வளவு நாளாகச் சேமிப்பில் உள்ளன? எண்ணெய் எடுக்காத தவிடு விரைவில் சிக்கடித்துவிடும். அந்தக் கெட்ட கொழுப்பு வைட்டமின் ஈ சத்தை அழித்து ஈரலைத் தாக்கும். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு உருவாகும். மத்தியதரைக் கடல் கூண்டுகளில் வளரும் கில்ட்ஹெட் சீ பிரீம் மீன்களிலும், தண்ணீர் 13 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது தீவனம் நின்று, ஈரலில் கொழுப்பு தேங்கி வெளுக்கும் குளிர்கால நோய் காணப்படுகிறது. குளிருக்கு முன் எதைத் தின்றது என்பதும் மீனின் நிலையைத் தீர்மானிக்கிறது.

கயல்வளம் (நாகப்பட்டினம்):
உடம்பில் சிவந்த, ஆழமான புண்கள் இருக்கின்றனவா என்று அவசியம் பாருங்கள். 1988இல் இந்தியாவுக்குள் வந்த கொள்ளைப் புண் நோயும் இதே குளிர்மாதங்களில்தான் தலைகாட்டும். அதற்குக் காரணமான பூஞ்சை போன்ற உயிரி தசைக்குள்ளேயே இறங்கிவிடும். அந்த நோய் என்றால் விராலும் சிறு கெண்டைகளும் முதலில் விழும். திலேப்பியா பெரும்பாலும் தப்பிவிடும். புண் இருந்தால் புவனேஸ்வரத்தின் நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்துக் கரைசலை, ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு 1 லிட்டர் என்ற கணக்கில் தெளிக்கலாம்.

பண்ணைக்குட்டை:
புண் எதுவும் இல்லை. வரப்போரம் உள்ள விரால்களும் நலமாகவே இருக்கின்றன. தவிடு மில்லிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது, கசப்பு வாடை அடிக்கிறது. பிற்பகலில் தண்ணீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8.6 காட்டுகிறது. ஹெக்டேருக்கு 200 கிலோ கணக்கில் 40 கிலோ சுண்ணாம்பு போடலாம் என்று நினைத்தேன்.

குளத்துமேடு:
தயவுசெய்து இப்போது சுண்ணாம்பு போடாதீர்கள். பிஹெச் ஏற ஏற அம்மோனியாவின் நச்சுப் பங்கு கூடும், ஏற்கெனவே தளர்ந்த மீன் தாங்காது. அந்தத் தவிட்டை விலக்கிவிட்டு, எண்ணெய் நீக்கிய புதுத் தவிடு வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இந்த மாதங்களில் குளத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதில் ஆக்சிஜன் குறைவு என்பதால், உயரத்திலிருந்து பலகையில் விழுந்து சிதறும்படி விடியற்காலையில் விடுங்கள். குளிர் தணியும் வரை வலை இழுக்க வேண்டாம், உரசிய செதில் வழியாகத்தான் பூஞ்சை புகும். கரையோரம் தானாக ஒதுங்கும் மீனை மட்டும் எடுத்து, 3 சதவீத உப்புக் கரைசலில் சில நிமிடம் வைத்து, சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். காலை வெப்பநிலை தொடர்ந்து 24 டிகிரியைத் தாண்டிய பிறகே தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.