மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போனவர்கள் எழுதுங்கள்

வேம்பனூரான்

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசிப் பள்ளியை, அதாவது யூதர்களின் வழிபாட்டுக் கூடத்தை, பற்றி எல்லாருக்கும் தெரியும். 1568, அரண்மனையை ஒட்டிய சுவர், மணிக்கூண்டு. அதை விட்டுவிடுகிறேன். 2017 டிசம்பர். தெருவின் தென்கோடியில் ஓர் அம்மா தனியாக நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வெளிநாட்டுப் பயணி என்று நினைத்தேன். "மோனே, எவிடுந்நா?" என்றார். தூக்கிவாரிப்போட்டது. நாகர்கோவில் என்றேன்; எனக்கு மலையாளம் வரும். ஒன்பது வயதில், 1954இல், குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போனவராம். இப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி வந்திருக்கிறார். பள்ளிக்குள் போகவில்லையா, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன். சிரித்தார். "அது ஞங்ஙளுடெ பள்ளியல்ல." எங்கள் பள்ளி அல்ல என்கிறார். பிறகு தன் தொலைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன், போய்விட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. நான் என்ன தவறாகக் கேட்டேன்?

நீலஓடு

என் கதை ஓடு பற்றியது. தரையில் பதித்த சீன ஓடுகளில் ஒன்று போல் இன்னொன்று இல்லை என்று வழிகாட்டி அடித்துச் சொன்னார். சொன்னால் விட்டுவிடுவேனா? வெறுங்காலோடு அரைமணி நேரம் குனிந்தபடியே நடந்தேன். அதே வில்லோ மரம், அதே வீடு, ஆனால் கிளை ஒன்றில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்றில் நீலம் கசிந்திருக்கும். ஒரு பெஞ்சுக்கு அடியில் இரட்டைப் பிறவிகள் போல இரண்டு கிடைத்தன என்று நினைத்து மண்டியிட்டேன். காவலர் வந்து எழுப்பிவிட்டார். அவை இரண்டும் ஒன்றா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. மேலே தொங்கிய பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

கொச்சிமருமகள்

வேம்பனூரான் அண்ணா, நீங்கள் தவறாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டீர்கள். அந்தத் தெருவில் இருந்தது ஒரே பள்ளி இல்லை. பரதேசிப் பள்ளி வெளியிலிருந்து வந்து குடியேறிய 'வெள்ளை' யூதர்களுடையது. அவர்களுக்குப் பல தலைமுறை முன்பே வந்த மலபார் யூதர்களுக்குத் தெற்கே கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று தனிப் பள்ளிகள். அந்தக் காலத்தில் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் பரதேசிப் பள்ளியில் பெஞ்சில் உட்காரவே முடியாது, தரைதான். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம் அதே பள்ளிக்குள் சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்றார்கள். இன்று அந்தத் தெருவுக்கே அவர் பெயர். இதையெல்லாம் சொல்லாமல் ஓடு, விளக்கு என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

நீலஓடு

நான் ஓடு பற்றி எழுதினால் சாதியை ஆதரிக்கிறேன் என்று அர்த்தமா?

ஓய்வுபெற்றவன்

சண்டை வேண்டாம். நான் போனது ஒரு சனிக்கிழமை. பூட்டியிருந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை ஓய்வுநாள், யாருக்காகவும் திறக்க மாட்டார்கள். வெள்ளி பிற்பகலும் நம்பிப் போகாதீர்கள். எர்ணாகுளத்திலிருந்து பஸ்ஸில் போய் நெரிசலில் வேகாமல் படகில் போங்கள், காற்றும் கிடைக்கும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக் கூடாது. தெருவில் 'நூறு வருடப் பழைய விளக்கு' என்று எதைக் காட்டினாலும் நம்பாதீர்கள், போன வாரம் வார்த்ததாக இருக்கும். மிளகு வாங்கலாம், குங்குமப்பூ வாங்காதீர்கள். நேரம் இருந்தால் பறவூர், சேந்தமங்கலம் பள்ளிகளையும் பாருங்கள். சேந்தமங்கலத்தில் முற்றத்தில் ஒரு கல்லறைக்கல் நிற்கிறது: சாரா, இஸ்ரவேலின் மகள், 1269. குடை கொண்டு போங்கள். தண்ணீரும்.

வட்டெழுத்து

குடையைச் சொன்னவர் செப்பேட்டை விட்டுவிட்டார். சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் 72 உரிமைகளையும் கொடுத்த ஏடு. எழுத்து வட்டெழுத்து, நம் பழைய தமிழ் எழுத்து வகை. அதன் படத்தை வைத்து 'அஞ்சுவண்ணம்' என்று என் மகளுக்கு எழுத்துக்கூட்டிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் "அது எபிரேயம், சார்" என்று என்னைத் திருத்தினார். மகள் அவரைத்தான் நம்பினாள்.

கொச்சிமருமகள்

அண்ணா, ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தென்கோடி என்றீர்களே, அந்த அம்மாவின் பள்ளி கடவும்பாகமாகத்தான் இருக்கும். அதன் செதுக்கிய மரக்கூரையை எப்போதோ ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் நின்ற வெறுங்கட்டடமும் 2019 மழையில் இடிந்து விழுந்தது. நீங்கள் எடுத்த படத்தில் அது இருக்கிறதா?

வேம்பனூரான்

படம் அவருடைய தொலைபேசியில்தான் இருக்கிறது, தங்கச்சி. பாசி பிடித்த ஒரு பழைய சுவருக்கு முன்னால் நின்றார். பின்னணி நன்றாக இல்லை, இந்தப் பக்கம் வாருங்கள் என்று நான்தான் நகர்த்தி, ஒரு கலைப்பொருள் கடையின் வாசலில் நிற்க வைத்து எடுத்தேன்.