துரை பங்களாவின் பழைய ரோசாக்கள்: தகட்டில் ஒரு பெயர், செடியில் வேறு பூ

சீத்தாஎலிய_பூங்கன்று:
வணக்கம். நுவரெலியா பக்கம் ஒரு பழைய துரை பங்களாவின் முன்பாத்தியில் மூன்று ரோசாச் செடிகள் இருக்கு. அடியில் பெயர் அடித்த தகடும் இருக்கு, பூதான் பொருந்தவில்லை.

1. தகடு மரேஷால் நீல். பூ சின்ன வெள்ளை, கொத்துக் கொத்தாக, வருடத்துக்கு ஒரு தடவை.
2. தகடு லா பிரான்ஸ். பூ கருஞ்சிவப்பு, ஐந்தாறு சென்ரிமீற்றர் அகலம், வருடம் முழுக்கப் பூக்கும்.
3. தகடு போல் நெய்ரோன். பூ வெளிறிய ரோஸ், தட்டையாக விரியும். மழைக் காலத்தில் மொட்டு விரியாமலே பழுப்பேறி அழுகுது.

பங்களாவைத் திருத்தப் போறாங்க. அதற்குள் குச்சி வெட்டி, சரியான பெயரோடு வைக்கணும். எங்கே தொடங்க?

கவ்வாத்துக்கத்தி:
தங்கச்சி, நிறத்தைக் கடைசிக்கு வையுங்க. மலைக்குளிரில் சிவப்பு கூடுதலாக ஏறும், கைபேசிப் படம் அதையும் மாற்றிக் காட்டும். முதலில் செடியின் அடியைப் பாருங்க.

மரேஷால் நீல் 1864இல் வந்த கொடி ரோசா. மஞ்சள் பூ, காம்பு தாங்காமல் தலைகீழாகத் தொங்கும். உங்களிடம் இருப்பது அதன் அடிக்கன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒட்டின கிளை செத்து, கீழே இருந்த காட்டு ரோசா மேலே வந்திருக்கும்.

கையால் மண்ணை 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விலக்குங்க. ஒட்டு முடிச்சு புடைத்துத் தெரியும். உயிருள்ள கிளைகள் அதற்கு மேலிருந்து வருதா, கீழிருந்தா? பிறகு இலைக்காம்பின் அடியில் இருக்கும் செதில்களைப் பாருங்க. விளிம்பு சீப்பு மாதிரிப் பிளந்திருந்தால், ஒட்டுக்கு நிறையப் பயன்படும் மல்டிஃப்ளோரா என்கிற காட்டு ரோசாதான். பூவின் நடுவில் சூல்தண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தூண் போல நிற்பதும் அதன் அடையாளம்.

முடிச்சுக்கு மேலே ஒரு கிளை பச்சையாக இருந்தாலும் அதைத் தொடாதீங்க. கீழே கிளம்பினவற்றை மண் மட்டத்தில் வெட்டினால் இன்னும் கூடுதலாகத் துளிர்க்கும். முளைத்த இடத்திலேயே பிய்த்து எடுங்க.

சீத்தாஎலிய_பூங்கன்று:
தோண்டிப் பார்த்தேன் அண்ணன். முடிச்சுக்கு மேலே கறுத்துக் காய்ந்த கட்டைதான். எல்லாக் கிளையும் கீழிருந்து. செதிலும் சீப்பு மாதிரித்தான்.

கவ்வாத்துக்கத்தி:
அப்போ மரேஷால் நீல் அந்த இடத்தில் இல்லை. இந்தச் செடி இனி ஒட்டுக் கட்டத்தான் உதவும்.

வெலிமடை_நாற்று:
இரண்டாவதைப் பற்றிச் சொல்றேன். லா பிரான்ஸ் 1867. பெரிய பூ, இதழின் உள்பக்கம் வெள்ளி கலந்த ரோஸ், வெளிப்பக்கம் அடர்த்தி, நல்ல வாசனை. உங்களுடையது அது இல்லவே இல்லை. சின்னப் பூ, ஓயாத பூப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் சீன ரோசாக் குடும்பத்தைக் காட்டுது. மற்ற ரோசாக்கள் பெரும்பாலும் வெயிலில் வெளிறும், சீன ரோசா வெயில் பட நிறம் ஏறும்.

முதலில் குருஸ் அன் டெப்லிட்ஸ் என்கிற சிவப்பு ரோசாவா என்று பார்த்து விலக்கணும், நம்ம பக்கத்து நாடுகளில் அது எங்கும் பரவினது. ஆள் உயரம் வளரும், பூ தலை கவிழும், மசாலா வாசனை தூக்கலாக இருக்கும். இவை இல்லையென்றால் ஒரு பரிசோதனை செய்யுங்க. பாதி விரிந்த மொட்டு இரண்டு எடுத்து, ஒன்றை வெயிலில் விட்டு, மற்றதற்குத் துணி நிழல் கட்டி மூன்று நாள் பாருங்க.

ரோஸாக விரிந்து வெளி இதழிலிருந்து கருஞ்சிவப்பு ஏறினால் ஆர்ச்டியூக் சார்ள்ஸ். தொடக்கத்திலேயே கருஞ்சிவப்பு, உள் இதழ் ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் லூயி பிலிப். முழுக்கக் கருஞ்சிவப்பு, நடு இதழில் வெள்ளைக் கீற்று இருந்தால் கிராமோய்சி சுப்பீரியர். பின்னது இரண்டையும் உலகம் முழுக்க மாற்றி மாற்றி விற்றிருக்காங்க. இரண்டு பூவையும் பக்கத்தில் வைக்காமல் உறுதி சொல்லாதீங்க.

மூன்றாவது, நான் பார்க்கிற வரைக்கும், 1843இன் சுவெனீர் டி லா மல்மேசோன். பூ நாலு பங்காகப் பிரிந்து தெரிந்தால் அதற்கு வாய்ப்பு இன்னும் கூடும். போல் நெய்ரோன் ஆழ்ந்த ரோஸ், மிகப் பெரிய பூ, முள் குறைவு. மொட்டு அழுகுவதும் மல்மேசோனுக்குப் பேர்போன குறை. மெல்லிய இதழ்கள் நெருங்கியிருப்பதால் நனைந்த வெளி இதழ்கள் ஒட்டிக் காய்ந்துபோகும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். நடுக்கிளைகளைக் கவ்வாத்து செய்து காற்று விடுங்க, பெப்ரவரி, மார்ச் வரட்சியில் பூவைப் படம் எடுங்க.

சீத்தாஎலிய_பூங்கன்று:
அக்கா, இரண்டாவது செடி இடுப்பளவுதான், வாசனை லேசு, பூ நிமிர்ந்து நிற்குது. வெயிலில் விட்டது முழுக்கக் கறுத்துச் சிவந்துட்டு. துணி கட்டினது நடுவில் இன்னும் ரோஸ்தான்.

வெலிமடை_நாற்று:
ஆர்ச்டியூக் சார்ள்ஸ் பக்கம்தான் போகுது. தகட்டில் "போல" என்று சேர்த்து எழுதுங்க.

கவ்வாத்துக்கத்தி:
பழைய தகடுகளை எறியாதீங்க. மூன்றும் 1864, 1867, 1869இல் வந்த ரோசாக்களின் பெயர். ஒரே பட்டியலில் வரவழைத்துப் பிறகு செத்துப்போயிருக்கலாம், அந்தத் தோட்டத்துக்கு அதுவும் ஒரு வரலாறு. புதுத் தகட்டில் இடப்பெயரையும் எழுதுங்க: "சீத்தாஎலிய சிவப்பு, ஆர்ச்டியூக் சார்ள்ஸ் போல".

குச்சி பூ உதிர்ந்த கிளையில், பென்சில் கனத்தில், 15–20 சென்ரிமீற்றர். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். மணலும் மக்கின உரமும் சரிபாதி. நிழலில் வைத்து 6–8 வாரம் இழுத்துப் பார்க்காமல் விடணும். சட்டியில் பெயர் எழுதின பிறகுதான் கத்தியை எடுக்கணும், குச்சிகள் மாறிப்போவது அந்த இடத்தில்தான்.