தக்கலைப் பக்கம் வீட்டு சோலார்: 3 கிலோவாட் போதுமா, 5 போடணுமா?

கல்குளத்தான்:
தக்கலைக்குத் தெற்கே வீடு. கான்கிரீட் மொட்டை மாடி, 900 சதுர அடி. தெற்கும் கிழக்கும் திறந்து கிடக்கு. மேற்கே சுவரிலிருந்து 8 மீட்டரில் மூணு தென்னை நிக்குது, ஒவ்வொண்ணும் 15 மீட்டர் இருக்கும். ரெண்டு மாச ரீடிங் 880 முதல் 920 யூனிட். ஒன்றரை டன் ஏசி ஒண்ணு, பிரிட்ஜ், 1 எச்பி போர் மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு. சிங்கிள் பேஸ் சர்வீஸ்.

ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு: 5 கிலோவாட் 3.25 லட்சம், 3 கிலோவாட் 2 லட்சம். ரெண்டும் மானியம் கழிக்காத தொகை. "நம்ம ஊர்ல பாதி வருஷம் மழை, அதனால பெருசாப் போட்டாத்தான் கட்டும்"னு முதல் ஆள் சொல்றார். சரியா? கரண்ட் போனா இது ஓடுமா?

ஆரல்காற்று:
3 போதும். மழைக் காரணம் கேட்க நல்லா இருக்கு, கணக்கில் நிக்காது.

உங்க 900 யூனிட்டுக்கு இப்ப வரும் பில்லைப் பிரிச்சுப் பாருங்க. முதல் 100 இலவசம். 500-ஐத் தாண்டினதால அடுத்த 300 யூனிட்டும் 4.70 வீதம், 1,410. அப்புறம் 100 யூனிட் 6.30-க்கு 630, 100 யூனிட் 8.40-க்கு 840, 200 யூனிட் 9.45-க்கு 1,890, கடைசி 100 யூனிட் 10.50-க்கு 1,050. மொத்தம் 5,820. கடைசி 400 யூனிட்டுக்கு மட்டும் 3,780 போகுது. சோலார் முதல்ல வெட்டுறது இந்த மேல்தட்டைத்தான். 500-க்குள்ள இறங்கிட்டா 101 முதல் 200 வரை 2.35-தான்.

3 கிலோவாட்னு சொன்னாலும் 550 வாட் பேனல் ஆறு வைப்பாங்க, 3.3 வரும். குமரி மேற்குத் தாலுகா மேகத்தையும் சேர்த்து, கிலோவாட்டுக்கு வருஷம் 1,350 யூனிட்னு அடக்கியே போடுங்க. 4,450 யூனிட், ரெண்டு மாசத்துக்குச் சராசரி 740. உங்க வருஷச் செலவு 5,400 யூனிட். லைனுக்கு நீங்க கொடுத்த யூனிட்டை எடுத்ததுல கழிச்சுத்தான் பில் வரும். மழைக் காலத்துல ஒரு பில் 350 யூனிட் நிகரமா வந்தாலும் 940 ரூபாய்தான். மாசி, பங்குனி வெயில்ல இலவச நூறுக்குள்ளேயே முடிஞ்சிரும். வருஷத்துக்கு 2,000 சுற்றிக் கட்டுவீங்க. இப்ப கட்டுறது 34,920.

இனி 5-க்கு வாங்க. மத்திய அரசோட பிஎம் சூர்யகர் மானியம் முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூணாவதுக்கு 18,000, ஆக 78,000. 3-க்கு மேல எவ்வளவு போட்டாலும் அதே 78,000. உங்க கையிலிருந்து 3-க்கு 1.22 லட்சம், 5-க்கு 2.47 லட்சம். கூடுதலாப் போடுற ஒன்றேகால் லட்சம் மிச்சப்படுத்துறது வருஷத்துக்கு அந்த 2,000 ரூபாயைத்தான். மீதி யூனிட் அடுத்த பில்லுக்கு ஏறும், ஆனா வருஷக் கணக்கு முடிக்கும்போது மிச்சத்துக்குக் கிடைக்கிறது நாம கொடுக்குற விலையில ஒரு துண்டுதான். ரெண்டாவது ஏசியோ மின்சாரக் காரோ நிச்சயம்னா மட்டும் 5 பத்தி யோசிங்க. அப்பவும் சாங்ஷன் லோடு (மின்வாரியம் உங்க இணைப்புக்கு அனுமதிச்ச கிலோவாட்) ஏத்தணும், மூணு பேஸ் பேச்சு வரும்.

கொட்டேஷன்ல ஜிஎஸ்டி பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருளுக்கு 5 சதவீதம். 70 பங்கு பொருள், 30 பங்கு வேலைன்னு பிரிச்சா மொத்தத்துக்கு 8.9 சதவீதம்தான் வரும். பழைய 12-ஐ வச்சே இன்னும் சிலர் கொட்டேஷன் எழுதுறாங்க.

குழித்துறை மாடி:
யூனிட் கணக்கு சரி அண்ணாச்சி. ஆனா அந்த 1,350 நிழல் இல்லாத மாடிக்கு. தென்னையை விட்டுட்டுப் பேசினா கணக்கு பொய்த்துப் போகும்.

நம்ம ஊர்ல உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, சுமார் 12.20-க்கு. அதனால சாயங்கால நிழல் கடிகாரம் சொல்றதை விடக் கொஞ்சம் பிந்தி வரும். மாடி 4 மீட்டர்னா தென்னை மாடிக்கு மேல 11 மீட்டர். பங்குனியில் 3 மணிக்கு நிழல் 9, 10 மீட்டர் நீளும்; 4 மணிக்கு 15-ஐத் தாண்டும். மரம் 8 மீட்டர்ல நிக்கிறதால 3 மணிக்கே மேற்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிரும். ஆகவே ஆறு பேனலையும் கிழக்குப் பாதியில் ஒட்டி வையுங்க. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேலதான் மழை கட்டும், காலை வெயில்தான் நமக்கு நிச்சயம். மேற்கை விட்டுக்கொடுக்குறதால நஷ்டம் கொஞ்சம்தான்.

தெற்கு பார்த்துத்தான் வைக்கணும்னு பிடிவாதம் வேண்டாம். 8 டிகிரி அட்சரேகையில் சித்திரை முதல் ஆவணி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிக்கும். 10 டிகிரி சாய்வு மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போறதுக்குத்தான். அதைவிடக் குறைச்சா கீழ் ஓரத்தில் பாசி பிடிக்கும்.

ஒரே ஒரு ஓலை நிழல் என்ன செய்யும்னு கேட்பாங்க. ஆறும் ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே சரத்தில் இருக்கு. பேனலுக்குள்ள மூணு பைபாஸ் டையோடு. நிழல் விழுந்த மூன்றில் ஒரு பங்கை டையோடு தாண்டிப் போயிரும், மத்தது ஓடும். அதோட நின்னா பரவாயில்லை. தினமும் அதே இடத்துல நிழலோ காக்கை எச்சமோ கிடந்தா அந்த செல் சூடேறி பழுப்பாகும். பேனலைக் கழுவணும்னா காலை 8-க்கு முன்னால. வெயில்ல கொதிக்கிற கண்ணாடியில் போர்த் தண்ணி ஊத்தாதீங்க, உப்பும் படியும், கண்ணாடியும் விரிசல் விடும்.

நாஞ்சில் வயரிங்:
கொட்டேஷன்ல எழுதி வாங்க வேண்டியது சில உண்டு. இதுலதான் வெட்டுவாங்க.

பேனலைத் தாங்குற ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ்டா (துத்தநாகத்தில் முக்கினதா), பூச்சு 80 மைக்ரானா, நட்டு போல்ட் எஸ்எஸ்-ஆ (துருப்பிடிக்காத எஃகா). கடல் பக்கம் வீடு உள்ளவங்க, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் ஆட்கள், போல்ட்டுக்கு 316 ரக எஸ்எஸ் கேளுங்க. பெயிண்ட் அடிச்ச எம்எஸ் (சாதா இரும்பு) குழாய் கடல் காத்துல ரெண்டு மூணு வருஷத்துல வெல்டிங் ஓரம் அரிச்சிரும்.

காத்து விஷயத்துல விளையாட வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி எப்படி அடிச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். இந்தப் பகுதிக்கு டிசைனுக்கு எடுக்குற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். ஆறு பேனல் 15 சதுர மீட்டருக்கு மேல. ஒரு டன்னுக்கு மேல மேல்நோக்கி இழுக்கும். ஓரடிக் கனசதுர கான்கிரீட் கட்டை ஆறு வச்சா மொத்தம் 400 கிலோதான் வரும். கட்டையைத் தளத்தோட கெமிக்கல் ஆங்கரில் (பசை ஊத்தி இறுக்குற போல்ட்) பிடிக்கணும், துளையை அப்பவே சீல் பண்ணணும். இல்லாட்டி அடுத்த கார்த்திகைக்குள்ள ஹால் சீலிங் ஒழுகும். துணி காயப் போட எட்டடி உயரத்துல கேட்டா காத்துப் பிடியும் செலவும் கூடும்.

சோலார் இன்வெர்ட்டர்ல (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி) இருந்து மீட்டர் வரை வயர் 30 மீட்டர்னா 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போடாதீங்க. முழு லோடில் 13 ஆம்பியர் போகும்போது 3.6 வோல்ட் உயரும், 6 ஸ்கொயரில் 2.4. சின்ன விஷயம்னு தோணும். ஆனா லைன் ஏற்கெனவே 250 வோல்ட் தொட்டுக் கிடந்தா இந்த வித்தியாசம்தான் வோல்டேஜ் எல்லையைத் தாண்ட வச்சு மத்தியானம் இன்வெர்ட்டரை நிறுத்திரும். வெயில் சூப்பரா அடிக்கும், உற்பத்தி பூஜ்யம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ரெண்டு மூணு நாள் மத்தியானம் மீட்டர் கிட்ட வோல்டேஜ் பார்த்து எழுதி வையுங்க.

எர்த் குழி மூணு: டிசிக்கு (பேனல் பக்கம்) ஒண்ணு, ஏசிக்கு (வீட்டு கரண்ட் பக்கம்) ஒண்ணு, இடிதாங்கிக்கு தனி ஒண்ணு. வெட்டுக்கல் மண்ணில் எர்த் இறங்காது, குழி ஆழமாத் தோண்டி ரசாயன எர்த் போடணும். டிசி, ஏசி ரெண்டு பாக்ஸிலும் எஸ்பிடி (மின்னல், திடீர் வோல்டேஜ் தடுப்பு) கட்டாயம்.

கரண்ட் போனா ஓடாது. லைன்ல வேலை செய்ற ஆள் உயிருக்காக ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோட சேர்ந்து ஓடுற) இன்வெர்ட்டர் தானே நின்னுரும். இருக்கிற யுபிஎஸ் பேட்டரியைத் தனியா விட்டுருங்க, இதோட இணைக்க யாரும் சொன்னா கேக்காதீங்க.

கல்குளத்தான்:
நன்றி. 3-க்கே போறேன். ஒரு சந்தேகம், சர்வீஸ் இன்னும் அப்பா பேருல இருக்கு, அவர் இல்லை. அப்படியே விண்ணப்பிக்கலாமா?

ஆரல்காற்று:
வேண்டாம். முதல்ல மின்வாரியத்துல பெயர் மாற்றம். வாரிசுச் சான்றும் வரி ரசீதும் வச்சு உங்க பேருக்கு மாத்துங்க, பிறகு பிஎம் சூர்யகர் தளத்துல அதே இணைப்பு எண் போட்டுப் பதியுங்க. வங்கிக் கணக்கும் அதே பேருல இருக்கணும், மானியம் வர்றது அங்கதான். பேனல் டிசிஆர் வகையான்னு (செல்லும் பேனலும் இந்தியாவுல செஞ்சது) சீரியல் எண்ணோட எழுதி வாங்குங்க. அது இல்லாட்டி அந்த 78,000 கிடையாது. அட்வான்ஸ் அதுக்கப்புறம் கொடுங்க.