ஏலக்காய்ச் செடிக்கு சூடோமோனாஸ் (பூசண நோயைத் தடுக்கப் போடும் பாக்டீரியா) போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கூடலூர்க்காரன்:
வண்டன்மேட்டுக்கு மேலே குத்தகைத் தோட்டம். ஆடியில் மழை விடவே இல்லை, அழுகல் இறங்கிவிட்டது. துரிசு (தாமிர மருந்து) அடிக்க அரை நாள் வெயில் கிடைத்தால்தானே? பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மழைக்கு முந்தியே சாணி எருவில் சூடோமோனாஸ் கலந்து தூருக்குப் போட்டிருந்தார். ஒரு காலையில் வேலியோரம் நின்றேன். எங்கள் பக்கம் சரத்தைத் தொட்டாலே காய் கழன்று கையோடு வருகிறது. பச்சை மங்கிப் பழுப்படித்து, நசுக்கினால் குப்பென்று நாற்றம். அந்தப் பக்கம் காய் கெட்டியாக நிற்கிறது. ஒரே மலை, ஒரே மழை. அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

குமுளி மிளகு:
அண்ணே, அவர் நிழல் மரக் கிளைகளைக் கழித்திருப்பார், அதைப் பார்த்தீர்களா? அழுகலுக்குக் காரணம் ஃபைட்டோப்தோரா என்கிற பூசணம். தண்ணீர் தேங்கி, தோட்டமும் இருண்டு கிடந்தால் எந்த பாக்டீரியாவும் காப்பாற்றாது. என் மிளகுக்கும் சூடோமோனாஸ் ஊற்றினேன், வாடல் வந்தது வந்ததுதான். இலையெல்லாம் கருத்து உதிர்ந்து, முருக்கு மரத்தில் வெறும் தண்டு தொங்கியதைப் பார்த்தவன் நான். இதையெல்லாம் மருந்து என்று சொல்லாதீர்கள்.

கம்பம் லேப்:
படிக்கும்போது கண்ணால் பார்த்தது இது. சூடோமோனாஸ் வளர்த்த தட்டை இருட்டறையில் புற ஊதா விளக்குக்குக் கீழே வைத்தார்கள். தட்டு முழுக்க மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது! அந்த நிறமிக்குப் பெயர் பயோவெர்டின். மண்ணில் இருக்கும் இரும்பை அது வளைத்துப் பிடித்துக்கொள்ளும், பூசணத்துக்கு இரும்பு கிடைக்காது. பக்கத்திலேயே இன்னொரு தட்டு, கடையில் வெயிலில் கிடந்த பழைய பாக்கெட்டிலிருந்து வளர்த்தது. அதில் ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை. குமுளி அண்ணே, நீங்கள் ஊற்றியதில் உயிர் இருந்ததா?

சின்னமனூர் வாழை:
என் கதை சின்னது. வாழைக் கட்டையை சூடோமோனாஸில் நேர்த்தி செய்து நட்டேன், வாடல் குறைந்தது. அவ்வளவுதான்.
ஆனால் புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். முதலில் தயாரிப்புத் தேதி பாருங்கள். சூடோமோனாஸ் வித்து (சூட்டைத் தாங்கி உறங்கும் நிலை) உண்டாக்காது, சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்கிற இன்னொரு பாக்டீரியா அப்படியில்லை, வித்தாக உறங்கிக் கிடந்து தாங்கும். அது சுரக்கும் இட்டூரின், ஃபெஞ்சைசின் என்கிற பொருள்கள் பூசணத்தின் செல் சவ்வையே உடைக்கும். துரிசோடு மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், தாமிரம் பட்டால் பாக்டீரியா பிழைக்காது. குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 என்கிற சூடோமோனாஸ் ரகத்துக்கு விதை நேர்த்தி என்றால் கிலோவுக்கு 10 கிராம், மண்ணில் இட ஏக்கருக்கு ஒரு கிலோ. மக்கின எருவில் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது சாயங்காலம் போடுங்கள். அப்புறம், மருந்தே இல்லை என்று குமுளிக்காரர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நெல் குலைநோய்க்கு அடிக்கிற காசுகாமைசின் மருந்து எங்கிருந்து வந்தது? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவிலிருந்து, 1965இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். நோய் வந்த பிறகு ஊற்றிவிட்டு பாக்டீரியாவைக் குறை சொல்லக் கூடாது.

குமுளி மிளகு:
வருவதற்கு முன்னால்தான் ஊற்றினேன். தேதி பார்த்துத்தான் வாங்கினேன்.

கூடலூர்க்காரன்:
குமுளி அண்ணே, இரண்டு தோட்டத்துக்கும் ஒரே ஆட்கள்தான் நிழல் கவாத்து செய்தார்கள். வடிகாலும் எங்கள் பக்கம்தான் நன்றாக இருக்கிறது. சரி, இந்த வருஷம் வைகாசியிலேயே பாதித் தோட்டத்துக்குப் போடுகிறேன், மறுபாதியைச் சும்மா விடுகிறேன். ஆடி கழிந்ததும் இரண்டு பக்கத்துக் காயையும் படம் எடுத்துப் போடுகிறேன்.